ஏடிடி இருந்தால் எது சரி: நாலு வேலையும் ஒன்றாகவா, ஒரே ஒரு வேலையா?

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, செக்கிங் யூனிட் என்று முப்பதுக்கும் மேற்பட்ட பார்ட்டிகளின் பில்கள் என் மேஜைக்கு வரும். எனக்கு ஏடிடி, அதாவது கவனக் குறைபாடு, இருக்கிறது என்று மனநல மருத்துவர் உறுதிப்படுத்தியபோது வயது 34. அதற்கப்புறம் என்னைப் போலவே இருக்கிற சிலரோடு பேச ஆரம்பித்தேன். அவர்களில் பாதிப் பேர் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: "ஒரு வேலையை மட்டும் எடுத்துச் செய்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படி உட்கார்ந்தா பத்து நிமிஷம் தாங்கல. நாலஞ்சைச் சேர்த்துப் போட்டுக்கிட்டா கை ஓடுது, ஆனா ராத்திரி பார்த்தா ஒண்ணும் முடியல. நான் எதை விடணும்?"

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொன்னவர்களை நம்பி நான் நிறைய வருடங்களை இழந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏடிடி என்பது 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டில் வந்த பெயர். 1987-இல் அது ஏடிஹெச்டி ஆனது, கவனக் குறைபாட்டோடு அதீதத் துறுதுறுப்பும் பெயரில் சேர்ந்தது. இன்று மருத்துவச் சீட்டில் ஏடிஹெச்டி என்றுதான் இருக்கும், அதில் கவனக்குறைவு மேலோங்கிய வகை என்று ஒன்று உண்டு. நான் அந்த வகை. வெளியே பார்த்தால் அமைதியாக உட்கார்ந்திருப்பேன், ஓட்டமெல்லாம் உள்ளே. அதனால் பழைய பெயரே எனக்கு வாய்க்கு வருகிறது.

## முதலில், எதை வைத்து அளப்பது?

"ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேலை நடந்தது" என்ற ஒரே அளவுகோல் நமக்குப் போதாது. நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, அந்த வழியில் வேலையைத் தொடங்க முடிகிறதா? மற்றவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. நமக்கு இதுதான் பெரிய மலை. இரண்டாவது, தப்பு நேர்ந்தால் அதன் விலை என்ன, அதைக் கட்டப்போவது யார்? மூன்றாவது, நடுவில் விட்டுப் போனால் திரும்பிவந்து பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான்காவது, வேலை கடைசிவரை முடிகிறதா, இல்லை தொண்ணூறு சதவீதத்தில் நின்று அலமாரிக்குப் போகிறதா? ஐந்தாவது, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பிள்ளையோடு பேச மனசில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இந்த ஐந்துக்கும் பின்னால் இருக்கிற சிக்கல் இதுதான். ஏடிடி உள்ள பலருக்கு, ஒரு விஷயத்தை மனசில் சில நொடிகள் பிடித்து வைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்கிற திறன், அதாவது வேலை நினைவு, பலவீனமாக இருக்கிறது. கூடவே, சுவாரசியம் இல்லாத வேலையில் மூளை விழித்திருக்க மறுக்கிறது, அதற்கு இன்னும் கொஞ்சம் தூண்டல் வேண்டும். ஒன்று "பாரத்தைக் குறை" என்கிறது, மற்றது "இன்னும் கொடு" என்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. நாலு வேலையும் தோற்கிறது, ஒற்றை வேலையும் தோற்கிறது என்றால் காரணம் இந்த இழுபறி. உங்கள் மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள்.

## வழி 1: எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வது

டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஒரு பார்ட்டி, பிரவுசரில் இன்னொரு பார்ட்டியின் ஜிஎஸ்டி போர்ட்டல், வாட்ஸாப்பில் மூன்றாமவர் அனுப்பிய பில் படங்கள், காதில் போன். என் பல வருடங்கள் இப்படித்தான் ஓடின. தொடங்குவது சுலபம் என்பதுதான் இதன் பெரிய பலம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒன்றில் சலித்தால் அடுத்தது தயாராக இருக்கும். அவசரம் இருக்கிற வரைக்கும் தூக்கம் வராது.

ஆனால் அங்கே நடப்பது ஒன்றாகச் செய்வது அல்ல, தாவல். ஆர்தர் ஜெர்சில்ட் என்ற உளவியலாளர் 1927-லேயே இதை அளந்தார். ஒரு பட்டியல் எண்களில் கூட்டலும் கழித்தலும் மாறி மாறிச் செய்யச் சொன்னால், ஒரே கணக்கைத் தொடர்ந்து செய்வதைவிட ஆட்கள் கணிசமாக மெதுவாகிவிடுகிறார்கள். நீங்களே செய்து பார்க்கலாம்: இருபது எண்களை எழுதி எல்லாவற்றோடும் மூன்றைக் கூட்டுங்கள், அப்புறம் அதே எண்களில் ஒன்றில் மூன்றைக் கூட்டி அடுத்ததில் மூன்றைக் கழியுங்கள். அந்தச் சின்னத் தயக்கம் உடனே தெரியும். அந்தத் தயக்கத்தின்போது "இப்போ கூட்டலா கழித்தலா" என்பதை மனசில் வைத்திருப்பதும் வேலை நினைவுதான், அதாவது நம்மிடம் குறைவாக இருக்கிற அதே சரக்கு.

நம் ஊரில் நாலு வேலை செய்பவரை அஷ்டாவதானி என்று பாராட்டுவார்கள். உண்மையான அவதானத்தை நினைத்துப் பாருங்கள். கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம், அதாவது ஒரே அமர்வில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைக்கிற வித்தை, செய்துகாட்டினார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் மணியடிப்பார், முதுகில் விழுகிற பூவையோ கல்லையோ எண்ணிக்கொண்டே வரவேண்டும். அவதானியும் ஒவ்வொன்றாகத்தான் எடுத்து விடை சொல்கிறார். அதைத் தாங்கி நிற்பது, எல்லாவற்றையும் நினைவில் பிடித்து வைக்க அவர் எடுத்த பயிற்சி. கவனத்தைப் பத்தாகப் பிரித்தால் போதும் என்று நினைத்து நாம் இறங்குகிறோம், பிடித்து வைக்கிற பாத்திரமோ நமக்குச் சின்னது.

இதில் மறைந்திருக்கிற செலவை ஒரு ஜூலை மாதம் கட்டினேன். பெயரில் ஓரெழுத்து மட்டுமே மாறுகிற இரண்டு பார்ட்டிகள், இரண்டும் திறந்திருக்கின்றன, நடுவில் போன் வந்தது, பேசிவிட்டுத் திரும்பி ஒருவரின் பதினெட்டு விற்பனை பில்களை மற்றவரின் கணக்கில் ஏற்றிவிட்டேன். விற்பனையைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 படிவம் அப்படியே போய்விட்டது. அந்த பில்களை வாங்கியவர்களின் 2பி-யில், அதாவது அவர்கள் வாங்கியதைக் காட்டுகிற ஜிஎஸ்டி பட்டியலில், வேறொருவர் பெயர் வந்து நின்றது, அவர்கள் எடுக்க வேண்டிய வரி வரவு சிக்கியது, அடுத்த மாதம் திருத்தம் போடும் வரை தினமும் யாராவது ஒருவர் போனில். நான் மிச்சம் பிடித்தது அதிகபட்சம் அரை மணி நேரம் இருக்கும். இழந்தது மூன்று நாள், அப்புறம் ஒரு பார்ட்டியின் நம்பிக்கை.

இன்னொரு செலவும் உண்டு, அது கணக்கில் வராது. ஸோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009-இல் விளக்கியது: ஒரு வேலையை முடிக்காமல் விட்டு அடுத்ததற்குப் போனால் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஆறு வேலை முடியாமல் கிடந்தால் ஆறு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். என் மகள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லும்போது நான் "ம்" கொட்டிக்கொண்டு அந்தப் பில்லைத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் நிறைய. அவள் நிறுத்திவிட்டாள் என்பதையே தாமதமாகத்தான் கவனித்தேன்.

சரி, இந்த வழி எங்கே நல்லது? வேலையே வந்து நம்மைக் கூப்பிடுகிற இடத்தில். கடைக் கவுன்டர், வரவேற்பு மேஜை, கல்யாண வீட்டுப் பந்தி, காலை நேரச் சமையல். குக்கர் விசிலடித்துச் சொல்லும், வாஷிங்மெஷின் கூப்பிடும், நிற்கிற வாடிக்கையாளர் தன் பில்லோடு போய்விடுவார். எதையும் மனசில் பிடித்து வைக்கத் தேவையில்லை, ஒவ்வொன்றும் சில நிமிடத்தில் தானே முடிந்துவிடும். ஏடிடி உள்ள பலர் அந்த இடங்களில் மற்றவர்களைவிட நன்றாகவே வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

## வழி 2: ஒன்று மட்டும், வேறெதுவும் இல்லை

தப்பின் விலை, திரும்பிவருகிற நேரம், கடைசிவரை முடிப்பது, இந்த மூன்றிலும் இதுதான் முன்னால் நிற்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதைப் பரிந்துரைக்கிறவர்கள் மூன்று செலவுகளைச் சொல்வதில்லை.

ஒன்று, தொடங்கவே முடியாமல் போவது. மேஜையைத் துடைத்து, போனை உள்ளே வைத்து, ஒரே ஒரு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பது. பார்க்கிறவர்களுக்கு அது சோம்பேறித்தனம். உள்ளே இருப்பவருக்கு அது வேறு.

இரண்டு, கண் ஒரே வரியில் இருக்க மனசு ஊர் சுற்றிவிட்டு வருவது. ஒரே வேலைதான் திறந்திருக்கிறது, ஆனாலும் நீங்கள் அதில் இல்லை. அதே வவுச்சரை நாலு தடவை படித்திருப்பீர்கள்.

மூன்றாவதுதான் அதிகம் கடிப்பது: பிடித்த ஒரே வேலைக்குள் மூழ்கி மற்றதெல்லாம் மறைந்துபோவது. ஒரு 20-ஆம் தேதி, ஒரு கம்பெனியின் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பதினாறு ரூபாய் வித்தியாசம் வந்தது, அதைக் கண்டுபிடிக்காமல் விட மனசு வரவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை, போனை எடுக்கவில்லை, ராத்திரி ஒன்பதரைக்கு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டுச் சந்தோஷமாக நிமிர்ந்தபோதுதான் மற்ற நான்கு பார்ட்டிகளின் 3பி, அதாவது அன்றைக்குள் போட வேண்டிய மாத ஜிஎஸ்டி கணக்கு, போடாமல் கிடப்பது நினைவுக்கு வந்தது. இரண்டைத்தான் போட முடிந்தது. மற்ற இரண்டுக்கும் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டவேண்டிய வரிக்கு வருடம் 18 சதவீதக் கணக்கில் வட்டி. பணம் பெரிதில்லை. ஆனால் "ஒரே வேலையில் கவனம்" என்று எல்லோரும் சொன்னதைத்தானே அன்றைக்கு முழுசாகச் செய்தேன் என்று வீட்டுக்கு வந்து அழுதேன். வீட்டிலும் இதே கதை உண்டு. "ஏங்கண்ணு, பாலை அடுப்புல வெச்சுட்டு எங்க போயிட்ட?" என்று மாமியார் கேட்காத வாரம் கிடையாது, நான் பக்கத்து அறையில் ஒரே ஒரு டிராயரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பேன்.

ஆகவே ஒற்றை வேலைக்கு வெளியிலிருந்து ஒரு நிறுத்தம் வேண்டும். அலாரம், அல்லது தோளைத் தட்டுகிற ஆள். நம் உள்மணி அந்த நேரத்தில் அடிக்காது.

சில இடங்களில் மட்டும் வேறு வழியே பார்க்க வேண்டாம். பணம் அனுப்புவது, மருந்து அளவு எடுப்பது, எண்களை ஏற்றுவது, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கிற பேச்சு. முக்கியமாக வண்டி ஓட்டுவது. யூட்டா பல்கலைக்கழகத்தில் 200 பேரை ஓட்டுநர் சிமுலேட்டரில் உட்காரவைத்து, கூடவே போனில் நினைவுக் கணக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வில் இரண்டையும் குறையில்லாமல் செய்தவர்கள் 2.5 சதவீதம், அதாவது ஐந்து பேர். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு அவினாசி ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் தாங்களும் அந்த ஐந்தில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏடிடி இருக்கிற நாம் அப்படி நினைக்கவே கூடாது.

## வழி 3: ஒரு வேலை, கூடவே கைக்கோ காதுக்கோ ஒரு துணை

இந்த வழியைத்தான் நான் சின்ன வயதில் திட்டு வாங்கி விட்டுவிட்டேன். கால் ஆட்டாதே, பேனாவை உருட்டாதே, நோட்டின் ஓரத்தில் கோலம் போடாதே. இப்போது திரும்ப எடுத்துக்கொண்டேன், எனக்கு அதிகம் உதவுவதும் இதுதான்.

காரணம் உண்டு. அமெரிக்காவில் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மார்க் ராப்போர்ட் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஹெச்டி உள்ள சிறுவர்கள் நினைவுச் சோதனையின்போது எவ்வளவு அசைந்தார்களோ அவ்வளவு நன்றாகச் செய்தார்கள், மற்றச் சிறுவர்களுக்கு அது தலைகீழாக இருந்தது. சுவீடனில் கோரான் சோடர்லண்ட் 2007-இல் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வடிவம்: பின்னணியில் ஒரே சீரான இரைச்சல் ஓடியபோது ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளின் நினைவுத்திறன் கூடியது, மற்றக் குழந்தைகளுக்குக் குறைந்தது. இரண்டுமே குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள், அதனால் அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் மேஜையில் பழைய டேபிள் ஃபேன் கடகடவென்று ஓடும்போது எனக்குக் கணக்கு ஓடுகிறது, அது நின்றால் கணக்கும் நிற்கிறது.

பசிக்கிற மூளைக்குக் கொஞ்சம் தீனி போடுகிறோம், வேலை நினைவிலிருந்து எதையும் எடுக்காமல். அவ்வளவுதான் சூட்சுமம். அதனால் துணையாக வைப்பதில் சொல்லும் எண்ணும் முடிவெடுப்பதும் இருக்கக் கூடாது. நாதஸ்வரம் சரி, வரிகள் உள்ள பாட்டு எனக்குச் சரிப்படாது, எத்தனை தடவை கேட்ட பாட்டாக இருந்தாலும் ஏதாவது ஒரு சொல் வந்து பில் நம்பரைத் தள்ளிவிடும். நீண்ட போன் பேச்சுகளுக்குப் பூண்டு உரிப்பேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் பூக்கட்டுவேன். நின்றபடி வேலை செய்வேன். பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூடப் போதும், தொடங்க முடிகிறது. ராத்திரி என் மகள் வீட்டுப்பாடம் எழுத, எதிரில் நான் லெட்ஜர் பார்ப்பது எங்கள் இருவருக்குமே ஒத்துப்போகிறது.

இதிலும் செலவு உண்டு. துணை மெல்ல மெல்ல முதலாளி ஆகிவிடும். எந்த இசை போடலாம் என்று தேடத் தொடங்கி இருபது நிமிடம் போயிருக்கிறது. பரபரப்பான கிரிக்கெட் வர்ணனை, சீரியல், ரீல்ஸ், இவையெல்லாம் துணை இல்லை, இன்னொரு வேலை. அப்புறம், ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரருக்கு உங்கள் ஃபேன் சத்தம் தொந்தரவாக இருக்கலாம், அதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

## வழி 4: இரண்டை மட்டும் மாற்றி மாற்றி

சலிப்பு தாங்க முடியாத நாட்களுக்கு. ஜெர்சில்ட் அதே 1927 ஆய்வில் இன்னொன்றையும் கண்டார்: இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல், பார்த்தவுடனே இது எது என்று தெரிகிற மாதிரி இருந்தால், ஒன்று எண் மற்றது சொல் என்பதுபோல, தாவுவதால் வருகிற நட்டம் காணாமல் போகிறது. இதைப் படித்த பிறகு நான் இரண்டு பார்ட்டிகளின் கணக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பதை அறவே விட்டேன். கணக்கு, அப்புறம் ஃபைல் அடுக்குவது. கணக்கு, அப்புறம் துணி மடிப்பது. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வரலாறும் அரசியலமைப்பும் மாற்றி மாற்றிப் படிப்பதைவிட வரலாறும் கணக்குப் பயிற்சியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

விட்டுப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டு கட்டாயம். "மே பர்ச்சேஸ், 37-வது பில்லிலிருந்து. 36-இல் ஹெச்எஸ்என் (சரக்குக் குறியீடு) இல்லை, கேட்க வேண்டும்." இவ்வளவுதான், அரை நிமிட வேலை. மேலே சொன்ன லெரோய், தெரசா குளோம்புடன் சேர்ந்து 2018-இல் எழுதியதும் இதைத்தான்: எங்கே நிறுத்தினோம், திரும்பிவந்து முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாக எழுதிவிட்டுப் போனவர்கள் அடுத்த வேலையில் முழுசாக இருக்க முடிந்தது. நினைவு பிடித்து வைக்க முடியாததைக் காகிதம் பிடித்து வைக்கட்டும்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவது? 25 நிமிடம் என்பது பொமோடோரோ என்ற டைமர் முறையின் அளவு. எனக்கு 25 நீளம், சலித்த வேலைக்கு 12-உம் பிடித்த வேலைக்கு 40-உம் வைத்திருக்கிறேன். டைமர் அடிக்கிற நேரம் நன்றாகப் பிடித்து ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஓட்டம் அறுந்துபோகும், இதன் பெரிய செலவு அதுதான். இன்னொன்று, மூன்றாவதாக ஒரு வேலை நுழைந்தால் வழி 4 சத்தமில்லாமல் வழி 1 ஆகிவிடும். இடைவேளையில் போனை எடுத்தாலும் அப்படித்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | எல்லாம் ஒன்றாக | ஒன்று மட்டும் | ஒன்றும் ஒரு துணையும் | இரண்டை மாற்றி |
|---|---|---|---|---|
| தொடங்க | மிகச் சுலபம் | மிகக் கடினம் | சுலபம் | சுலபம் |
| தப்பு | அதிகம் | குறைவு, மனசு அங்கே இருந்தால் | குறைவு | வேலைகள் ஒன்றுபோல இருந்தால் அதிகம் |
| திரும்பிவர | ரொம்ப நேரம் | போனால்தானே வர | கொஞ்சம் | சீட்டு இருந்தால் உடனே |
| முடிகிறதா | அபூர்வம் | முடியும், மற்றவை விடுபடும் | முடியும் | மெதுவாக முடியும் |
| சாயங்கால மிச்சம் | இல்லை | நாளைப் பொறுத்து | இருக்கிறது | ஓரளவு |

இது என் உடம்பும் என் மேஜையும் சொன்ன அட்டவணை. மருந்து எடுக்கிறவர்களுக்கு ஒற்றை வேலையைத் தொடங்குவது இவ்வளவு கடினமாக இல்லாமல் மாறலாம், எனக்கே மாறியது. இன்னும் மருத்துவரைப் பார்க்காமல் "எனக்கும் ஏடிடிதான்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். தூக்கமின்மை, தைராய்டு, மனச்சோர்வு எல்லாமே கவனத்தைக் குலைக்கும், அவற்றுக்கு வைத்தியம் வேறு.

## அப்போ எதை எடுப்பது?

வேலையைப் பார்த்து எடுங்கள். தப்பு நேர்ந்தால் இன்னொருவர் கட்ட வேண்டிய வேலையா, வழி 2, அலாரத்தோடு. தப்பு நேர்ந்தால் உங்களுக்கு மட்டும்தான் நட்டம், ஆனால் சலிக்கிற வேலை என்றால் வழி 3-இல் தொடங்குங்கள். அதுவும் தாங்கவில்லை என்றால் வழி 4. கடை, அடுப்படி, விருந்தினர் வந்த வீடு என்றால் தைரியமாக வழி 1, ஆனால் அந்த நேரத்தில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் தொடாதீர்கள்.

கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர்களுக்கு ஒற்றை வேலை என்பதே கையில் இல்லாத ஒன்று. அவர்களிடம் நான் சொல்வது துண்டுச் சீட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். குழந்தை எழுந்ததும் எதை விட்டுப் போகிறீர்களோ, அதன்மேல் இரண்டு சொல் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.

எந்த வழி உங்களுக்கு என்று சந்தேகமாக இருந்தால் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். ஒரு நோட்டில் தினமும் மூன்றே மூன்று எண்கள்: முடித்த வேலைகள் எத்தனை, திருத்த வேண்டிவந்த தப்புகள் எத்தனை, சாயங்காலம் மனசில் மிச்சம் பத்துக்கு எத்தனை. தொடங்கிய வேலைகளை எண்ணாதீர்கள், அந்த எண்ணிக்கை நமக்கு எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். நான் முதலில் எழுதிய வாரத்தில், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்ட திங்கட்கிழமை எனக்கு மிகச் சுறுசுறுப்பான நாளாகத் தோன்றியது. நோட்டில் முடித்தது 2, தப்பு 5, மிச்சம் 1. ஃபேனை ஓடவிட்டு, நின்றுகொண்டு, ஒரே பார்ட்டியைப் பார்த்த வியாழக்கிழமை மந்தமாகப் போன மாதிரி இருந்தது. அன்றைக்கு முடித்தது 6, தப்பு 1. மிச்சம் என்ற இடத்தில் 7 போட்டிருக்கிறேன், அதற்குப் பக்கத்தில் மகளோடு கேரம் என்று எழுதியிருக்கிறது.